நல்லது ஒன்று, குறை ஒன்று

இந்திராணி தண்ணீர் கேட்டால் தாகம் என்று நம்பிவிடக் கூடாது. "கொஞ்சம் தண்ணி தாங்களேன், மெட்ரோ படி எறங்கி வந்ததுல நாக்கு ஒட்டுது" என்பாள். வீட்டுக்காரர்கள் சமையலறைக்குப் போய்ச் சொம்போடு திரும்புவதற்குள் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து முடித்திருப்பாள். செருப்பு எப்படிக் கிடக்கிறது, பழைய பேப்பரைக் கட்டி வைத்திருக்கிறார்களா, பால்கனிச் செடிக்கு யாராவது தண்ணீர் விடுகிறார்களா, வேலைக்கு வரும் பெண்ணுக்கு டீ கொடுக்கத் தனி டம்ளரா அல்லது எல்லாருக்கும் ஒன்றுதானா. ரவிக்கை தைத்துப் பழகிய கண் அது. டேப்பை எடுப்பதற்கு முன்பே தோள் இறக்கத்தைச் சொல்லிவிடும். வந்த தண்ணீரில் இரண்டு வாய் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவாள். "வீட்டுல வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தான கெளம்புதேன்" என்று பிறகு கணவரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தத் தண்ணீர் யாத்திரை எல்லாம் யமுனா சேவை மன்றத்துக்காக. மயூர் விஹாரிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தமிழர்கள் சேர்ந்து நடத்துகிற மன்றம் அது. பத்ரிநாத்துக்குப் போகிற வழியில் மயங்கி விழுந்து தில்லி ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிற மாமாக்கள், கட்டட வேலைக்கு வந்து சாரத்திலிருந்து விழுந்தவர்கள், இன்டர்வியூவுக்கு வந்த இடத்தில் பர்ஸைத் தொலைத்த பட்டதாரிகள் என்று ஹிந்தி தெரியாமல் தவிக்கிறவர்களுக்குத் துணையாக மன்றத்து ஆள் ஒருவர் போய் நிற்பார். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்ல வேண்டும். சீட்டு வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். இட்லி கொண்டுபோக வேண்டும். தலைவர் வசுமதி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். செயலாளர், பொருளாளர் எல்லாம் முறைப்படி உண்டு. இந்திராணிக்கு ஒரு பதவியும் கிடையாது. புது உறுப்பினரை முன்னதாக வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு மாதக் கூட்டத்தில் அறிமுகம் செய்துவைப்பது மட்டும் அவள் பொறுப்பு. அதை வேறொருவர் செய்ய அவள் விட்டதில்லை. செய்து பார்க்கிற துணிச்சல் வேறொருவருக்கு வந்ததும் இல்லை.

மற்றச் சங்கங்களில் அறிமுகம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படிப்புகளை வாசிப்பார், இன்னொருவர் பூங்கொத்து கொடுப்பார், மூன்றாமவர் போட்டோ எடுப்பார். இந்திராணியிடம் அந்தப் பப்பெல்லாம் வேகாது. "நல்லது ஒண்ணு, கொறை ஒண்ணு. ரெண்டயும் சொன்னாத்தான் ஆளு முழுசா வருவாவ. நல்லத மட்டும் சொன்னா அது கல்யாணத் தரகு" என்பாள். அருள்மணி என்பவரை அவள் நிறுத்தி வைத்துச் சொன்னது இவ்வளவுதான். "இவுக வீட்டு ஃப்ரிட்ஜுல மூணு மாவு டப்பா இருக்கு. மூணுலயும் அரைச்ச தேதிய எழுதி ஒட்டியிருக்காவ. நம்ம மருந்துப் பெட்டிய இவுகட்டக் குடுத்திருங்க. கொறை என்னன்னா, போன எடுத்தா வைக்க மாட்டாவ." அன்றிலிருந்து மருந்துப் பெட்டி அருள்மணியிடம் இருக்கிறது. ஒரு மாத்திரைகூடக் காலாவதி ஆனதில்லை.

தில்லியிலேயே பிறந்து வளர்ந்து குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் சுபிக்ஷா வந்தபோது, "இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது கொறை. ஆட்டோக்காரன்ட்டச் சண்ட போட்டு மீட்டர் போட வச்சத எங்கண்ணால பாத்தேன், அது நல்லது. வரிசையில எவனாவது பூந்தான்னா இத அனுப்புங்க" என்றாள். "க்யா ஆன்ட்டி, எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டீங்க!" என்று அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுவாரமே ஆஸ்பத்திரி வரிசையில் அவள் குரல் தனியாகக் கேட்டது.

அதோடு விட்டுவிட மாட்டாள். புது ஆள் டீத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போக வேண்டும். இந்திராணியும் கூடவே போய், கிளாஸை வாங்குகிற பழைய உறுப்பினரை அதே முறையில் காட்டிக் கொடுப்பாள். சேர்ந்த அன்றைக்கே எல்லாருடைய குறையும் தெரிந்துபோவதால் புதியவருக்குக் கூச்சம் விட்டுப்போகிறது. பழையவர்களுக்குத்தான் மாதா மாதம் பயம். போன மாதம் சொன்ன குறையையே இந்த மாதமும் சொல்லப் போகிறாளா, புதிதாக ஏதாவது கண்டுபிடித்துவிட்டாளா?

ஆள் குள்ளம். ஐம்பத்தேழு வயது. முந்தானையில் எப்போதும் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அம்பாசமுத்திரத்துப் பேச்சு அப்படியே இருக்கிறது, நடுநடுவே ஹிந்தி குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான். காய்கறி வண்டிக்காரனிடம், "பையா, இந்த முருங்கக்காய்க்கா இம்புட்டு வெல சொல்லுத? டீக் சே போலோ, சரியாச் சொல்லு, ஆமா!" என்பாள். பிஹாரிலிருந்து வந்த அந்த மனிதனும் பதறாமல் இரண்டு ரூபாய் குறைப்பான். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் பேச்சு, சமையல் உத்தரவு, போன் எல்லாம் அங்கிருந்தபடியேதான். துணியிலிருந்து கண் மட்டும் நகராது.

அவள் அறிமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. யாருடைய உத்தியோகத்தையும் சொல்ல மாட்டாள். மற்றவர்கள் கேட்கவும் விட மாட்டாள். தில்லித் தமிழர்களிடம் இது சாதாரணச் சட்டம் இல்லை. இங்கே இரண்டு தமிழர்கள் சந்தித்தால் ஊர் பெயர் கேட்டு முடிப்பதற்குள், "சரோஜினி நகர்ல எந்த டைப் குவார்ட்டர்ஸ்ல இருந்தேள்?" என்ற கேள்வி வந்துவிடும். அரசாங்கக் குடியிருப்புகளுக்கு உத்தியோகத்தை ஒட்டி டைப் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருக்கிறார்கள். எண் தெரிந்தால் போதும், எதிராளி எந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இவரிடம் எவ்வளவு சிரித்தால் போதும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். மன்றத்தில் யாராவது அந்தக் கேள்வியை எடுத்தால் இந்திராணி, "டைப்ப வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய? இட்லிக் கூடையத் தூக்குங்க, ஜல்தி" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இந்தச் சட்டம் வந்த கதை மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் நரேன் என்று ஒருவர் சேர்ந்தார். இந்திராணி அன்றைக்கு வாய் கொள்ளாப் பெருமையோடு, வீடு ஒதுக்குகிற அலுவலகத்தில் அவர் பெரிய அதிகாரி என்று அறிவித்துவிட்டாள். டீ ஆறுவதற்குள் இரண்டு பேர் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோயாளி ஒருவருக்கு ரத்தம் தேடி அவர் ஆஸ்பத்திரி வாசலில் அலைந்துகொண்டிருந்தபோது, மன்றத்து உறுப்பினர் ஒருவர் விண்ணப்பத்தோடு பின்னாலேயே அலைந்தார், முதல் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வீடு மாற்ற வேண்டுமாம். நரேன் ரத்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை. நல்ல மனிதரை இழந்தது தன் வாயால்தான் என்று இந்திராணிக்கு வெகுநாள் மனம் ஆறவில்லை. அதன் பிறகு உத்தியோகத்தைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் இந்த பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது. மன்றத்தில் சேரப் போகிற புது ஆள் அவள் கணவர் ஷங்கர்.

ஷங்கர் போன வருஷம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்திராணி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் இட்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போவார். உள்ளே வரமாட்டார். வாசலில் கடலை விற்பவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் திரும்பும்வரை பேப்பர் படிப்பார். ஒருநாள் சேலத்துக்காரர் ஒருவர், உள்ளே மகனுக்கு ஆபரேஷன் நடக்கிறது, வெளியே நிற்கவும் மாட்டாமல் உட்காரவும் மாட்டாமல் அல்லாடிக்கொண்டிருந்தார். ஷங்கர் பேப்பரில் பாதியைத் தரையில் விரித்து அவரை உட்காரவைத்தார். சாயங்காலம்வரை ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலேயே இருந்தார். அதைப் பார்த்த வசுமதி, "நீங்களும் மெம்பரா சேந்துடுங்கோளேன்" என்றார். ஷங்கர் தலையை ஆட்டிவிட்டார். மன்றத்து வாட்ஸ்அப்பில் 'நல்வரவு' என்று கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தபோதுதான் இந்திராணிக்கே விஷயம் தெரிந்தது.

சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். கூட்டத்துக்கு முந்தின நாள் மெஷினை விட்டு எழுந்து கூடத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, "கொஞ்சம் தண்ணி தாங்களேன்" என்றாள். ஷங்கரும் விளையாட்டைப் புரிந்துகொண்டு சமையலறைக்குப் போனார். அவள் வழக்கம்போலக் கண்ணை ஓட்டினாள். மெஷின் அவளுடையது. துணி மூட்டை, கண்ணாடி, சுவரில் தொங்கும் அளவுச் சட்டை எல்லாம் அவளுடையவை. அவருடையது என்று சொல்ல பால்கனி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மடித்து வைத்த பேப்பரும் கண்ணில் பட்டன. எத்தனையோ பேர் வீட்டில் இரண்டு நிமிஷத்தில் ஆளைப் பிடித்துவிடுகிறவளுக்குத் தன் வீட்டில் பிடி கிடைக்கவில்லை. அவளுக்கு அது பிடிக்கவும் இல்லை.

"ஒங்களப் பத்தி என்ன சொல்லட்டும்?" என்று தண்ணீரை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"என்னத்தயாவது சொல்லு. உத்தியோகத்த மட்டும் சொல்லாத. அதுக்குத்தான சட்டமே போட்டிருக்க."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"சட்டம் நரேன் சாரால வந்தது. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"அதுவும் தெரியும். அந்த வருசந்தான் எனக்குக் கடைசி பிரமோஷன் பரீட்சையும் போச்சு. எங்கூட ஒண்ணாச் சேந்த வெங்கட்ராமன் அண்டர் செகரெட்டரி ஆயிட்டான். நான் அசிஸ்டென்ட்டாவே நின்னுட்டேன். மன்றத்துல ஒருத்தருக்கொருத்தர் உத்தியோகத்தக் கேக்க ஆரம்பிச்சா, 'ஒங்க வீட்டுக்காரர் என்னவா இருக்காவ'ன்னு ஒன்னயும் ஒருநா கேப்பாவள்லா. நான் தப்பாச் சொல்லல இந்திரா. நல்ல சட்டந்தான். எனக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துது."

"இத்தன வருசமா இதயா மனசுல வச்சிருந்திய?"

"வச்சிருந்தேன்னு இல்ல. இருந்துது" என்று சொல்லிவிட்டு ஷங்கர் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

இந்திராணி அன்றைக்குத் தைத்த ரவிக்கையில் கை இரண்டும் இடம் மாறிப்போயின. பிரித்துத் திரும்பத் தைத்தாள். அவர் சொன்னது அபாண்டம் என்று முதலில் மனம் கொதித்தது. சட்டம் நரேனால்தான் வந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கரோல்பாகில் ஒரு கல்யாணத்தில் ஒருத்தி விசாரித்தபோது, "செகரெட்டேரியட்ல இருக்காவ" என்று மட்டும் சொல்லிவிட்டு அவசரமாகப் பந்திக்கு எழுந்து போனாளே, அது எதனால் வந்தது? அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. அதை அவர் கேட்டிருப்பார், பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கணவரை நினைத்து அல்ல, தன்னை நினைத்து. நாளைக்கு வழக்கம்போல உத்தியோகத்தைச் சொல்லாமல் விட்டால் அவர் நினைத்தது சரியென்று ஆகிவிடும். சொன்னால் எல்லார் முன்னாலும், முக்கியமாக வெங்கட்ராமன் முன்னால், அவரைத் தலைகுனிய வைத்ததாக ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த வெங்கட்ராமனும் மன்றத்து உறுப்பினர்தான். வசுமதிக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது.

குளிர் மாதங்களில் மன்றம் வசுமதி குடியிருக்கும் அடுக்குமாடிச் சொசைட்டியின் மொட்டை மாடியில் கூடும். நடப்பது கூட்டமா வெயில் காய்தலா என்று சொல்வது கடினம். ஷங்கர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் இந்திராணிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அக்கா, எங்களுக்குத் தெரியாத ஆளா? நேரா டீக்குப் போயிடலாமே" என்று அருள்மணி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"தெரியாதுங்கேன். எனக்கே நேத்துத்தான் கொஞ்சம் தெரிஞ்சுது" என்றாள் இந்திராணி. சிரிப்பு அடங்கியது. "இங்க நான் ஆரு உத்தியோகத்தயும் சொன்னது கெடையாது. இன்னைக்கு ஒருநா மட்டும் சொல்லுதேன். இவுக பேரு ஷங்கர். அரசாங்கத்துல கிளார்க்காச் சேந்து அசிஸ்டென்ட்டா ரிடையர் ஆனாவ. மேல போறதுக்கு மூணு தடவ பரீட்ச எழுதுனாவ, மூணுலயும் போச்சு. அந்தச் சம்பளத்துலதான் மகள இஞ்சினீயருக்குப் படிக்க வச்சோம், எனக்கு மெஷின் வாங்குனோம். கல்யாணத்துல, காட்சியில ஆரு கேட்டாலும் இத நான் இப்பிடிச் சொல்லியிருக்கணும். சொல்லல."

வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷங்கர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லது ஒண்ணு. கஷ்டப்படுதவன் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கத் தெரியும். நமக்கெல்லாம் அது வராது, நாம புத்தி சொல்ல ஆரம்பிச்சிருவோம். விடியக்காலம் சீட்டு வரிசைக்கு இவுகள அனுப்புங்க, எம்புட்டு நேரமானாலும் சடைக்க மாட்டாவ. ஆனா முந்திப் போறவனப் பாத்துக்கிட்டே நிப்பாவ, அதனால சுபிக்ஷாவயும் கூட நிறுத்தணும். கொறை ஒண்ணு." இந்திராணி கணவர் பக்கம் திரும்பினாள். "மனசுல உள்ளதப் பன்னெண்டு வருசம் கழிச்சுத்தான் சொல்லுவாவ. அதுவரைக்கும் நாமளாக் கண்டுபிடிக்கணும். அம்புட்டுதான். டீ ஆறுது."

கடைசிக் குறையைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள், கணவன் மனைவி விவகாரம் என்று. ஷங்கர் மட்டும் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டார்.

முதல் கிளாஸ் வசுமதிக்கு. இரண்டாவது வெங்கட்ராமனுக்கு. இந்திராணி கூடவே வந்து நின்றாள். ஆனால் வாயைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெங்கட்ராமன் கிளாஸை எடுக்காமல் ஷங்கரையே பார்த்தார்.

"முதல் தடவை பரீட்சைக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்லதாண்டா போனோம். ஞாபகம் இருக்கோ?"

"இல்லாம? வழியெல்லாம் நீ வாந்தி எடுத்த. என் துண்டு போச்சு."

வெங்கட்ராமன் ஓவென்று சிரித்ததில் கையிலெடுத்த டீ தளும்பி வேட்டியில் கொட்டியது. "அச்சா, இப்ப வேட்டியும் போச்சு" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் துணி தேடி எழுந்தார்கள். அந்தக் கலகலப்பில் ஷங்கர் அடுத்த நாற்காலிக்குப் போய், "நான் ஷங்கர்" என்று தானே சொல்லி ஒரு கிளாஸை நீட்டினார். அதற்கடுத்தவரிடமும் அப்படியே. குறையைக் காட்டிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாததால் அன்றைக்குப் பழையவர்கள் பிழைத்தார்கள். செய்ய ஒன்றுமில்லாமல் போன இந்திராணி, காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

எல்லாரையும் சுற்றிவிட்டுத் தட்டு கடைசியாக அவளிடம் வந்தது. "அங்கிள், ஆன்ட்டிக்கு நீங்க இன்ட்ரோ குடுங்க! ஒரு நல்லது, ஒரு குறை!" என்று பின்னாலிருந்து சுபிக்ஷா கத்தினாள். ஷங்கர் யோசித்துப் பார்த்தார், பிறகு கிளாஸை மட்டும் நீட்டினார். தினமும் காலையில் அவர் போட்டுக் கொண்டுவரும் டீயைத் துணியிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொள்கிறவள், நாற்காலியை விட்டு எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையாலும் கிளாஸை வாங்கிக்கொண்டாள்.